ஒத்துக்கொள்ளாத பாயசம்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாக் காலத்தில் ஒரு பங்குக் குருவின் வயிறு படும் பாட்டை எவரும் எழுதியதாக நமக்கு நினைவில்லை. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, பாலன் இயேசுவின் சுரூபத்தை முத்தி செய்யும் வரிசையும் கலைந்து, அறைக்குத் திரும்பும்போது மணி இரண்டைத் தாண்டிவிடும். காலைத் திருப்பலிக்குப் பின் இல்லச் சந்திப்பு தொடங்கும். முதல் வீட்டில் பால் காப்பி. இரண்டாம் வீட்டில் கேக்கும் பாலும். மூன்றாம் வீட்டில் சேமியா பாயசம். நான்காம் வீட்டில் பால்கோவா. பத்தாம் வீட்டை அடையும்போது, "எல்லா வீட்டிலும் சாப்பிட்டீர்களே சாமி, எங்கள் வீட்டில் மட்டும் வேண்டாமா?" என்ற கேள்வி வாசலிலேயே காத்து நிற்கும்.

அந்தக் கேள்விக்கு உண்மையான மறுமொழி கூறும் துணிவு நமக்குப் பல ஆண்டுகள் இருந்ததில்லை. அத்துணிவின்மையால் ஒரு முதிய தாயின் உள்ளத்தைப் புண்படுத்தினோம். அதனை எழுதி வைத்தால், விருந்துண்ண அஞ்சும் சிலருக்கும், விருந்தளித்து மனம் நோகும் சிலருக்கும் பயன்படலாம் என்றே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் பிறந்தது குமரிக் கடற்கரையின் சிற்றூர் ஒன்றில். வீட்டில் பசு கிடையாது. காலையில் கருப்பட்டிக் காப்பி, மாலையிலும் அதுவே. பால் என்பது கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் உரிய பொருள். குருமடத்திலோ, அளிக்கப்பட்ட காப்பியில் பாலைவிடத் தண்ணீரே மிகுதி. அதுபற்றி அந்நாளில் முணுமுணுத்தோம். இப்போது நன்றியுடன் நினைக்கிறோம். குருப்பட்டம் பெற்று, துணைப் பங்குக் குருவாக வயலும் தோப்பும் சூழ்ந்த ஊருக்கு அனுப்பப்பட்ட பின்னரே, பாலும் தேனும் பொழியும் நாட்டை நாம் கண்டோம். தண்ணீர் கலவாத பால் வீட்டுக்கு வீடு டம்ளர் டம்ளராக வந்தது. அதனுடன் வயிற்றுப் பொருமலும், இரைச்சலும், வலியும், கழிச்சலும் வந்தன.

காரணம் நமக்கு விளங்கவில்லை. கிறிஸ்மஸ் கால அலைச்சல் என்றோம். எண்ணெய்ப் பலகாரம் என்றோம். ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் குடித்தோம். ஓராண்டு டிசம்பர் 31ஆம் நாள் நள்ளிரவு நன்றி வழிபாட்டில், மறையுரையைப் பாதியிலேயே முடித்துக்கொள்ள நேர்ந்தது. மறையுரை சுருக்கமாகவும் சிறப்பாகவும் இருந்ததென்று மக்கள் பாராட்டினர். சுருங்கியதன் காரணம் நமக்கும் நம் வயிற்றுக்கும் மட்டுமே தெரியும்.

2014ஆம் ஆண்டுத் தவக்காலத்தில்தான் ஒரு மருத்துவரிடம் இதைச் சொன்னோம். அவர் நீண்ட நேரம் கேட்டுவிட்டு, "இரண்டு வாரம் பாலை அறவே நிறுத்துங்கள் பாதர். பிறகு ஒரு நாள் ஒரு டம்ளர் குடித்துப் பாருங்கள்" என்றார். பாலை நிறுத்திய மூன்றாம் நாளே வயிறு அமைதியுற்றது. இரண்டு வாரம் கழித்து ஒரு டம்ளர் குடித்தோம். இரண்டு மணி நேரத்தில் விடை கிடைத்துவிட்டது.

மருத்துவர் விளக்கியதை எளிதாகக் கூறுவோம். பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை உண்டு. பசும்பால் 100 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 5 கிராம். இதனைச் செரிக்கச் செய்யும் லாக்டேஸ் என்னும் நொதி சிறுகுடலில் சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் அது எல்லோருக்கும் தாராளமாய்ச் சுரக்கும். பால்குடி மறந்தபின் உலக மாந்தருள் பெரும்பாலோர்க்கு அது படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலை அடைய, அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை நொதிக்கச் செய்து காற்றை எழுப்புகின்றன. பொருமலும் கழிச்சலும் அதனால்தான். இது நோயன்று, உடலின் ஓர் இயல்பு. உயிருக்கு ஊறு விளைவிப்பதுமன்று.

பாலின் புரதத்தை உடல் பகையாகக் கருதி எதிர்க்கும் ஒவ்வாமை என்பது வேறு. அதில் தடிப்பும், மூச்சுத் திணறலும், சில வேளை உயிர் ஆபத்தும் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. நம்மைப் போன்றோர்க்கு மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். தயிராகும்போதே அச்சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. நெய்யில் அது இல்லையென்றே கூறலாம். காப்பியில் ஒரு கரண்டிப் பால் கலந்தால் பலருக்குத் தொல்லையில்லை. ஆனால் வற்றக் காய்ச்சிய பால் பாயசமும் பால்கோவாவும் அச்சர்க்கரையைத் திரட்டித் தருபவை. நமக்கு வந்த துன்பமெல்லாம் அவற்றால் வந்ததே.

நிற்க. இவ்வளவும் அறிந்த பின், அவ்வாண்டு கிறிஸ்மஸுக்கு நாம் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: பங்கு மக்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. நமக்குத் துணையாக ஒரு மறைநூல் வசனத்தையும் தேடிக்கொண்டோம். ஆண்டவர் எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது, செல்லும் ஊரில் தம்முன் வைக்கப்படுவதை உண்ணுமாறு பணித்தார் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். 'ஆண்டவரே சொல்லியிருக்கும்போது நாம் எப்படி மறுப்பது?' என்று நமக்கு நாமே உபதேசம் செய்துகொண்டோம். உண்மையில் நம்மை ஆண்டது கீழ்ப்படிதல் அன்று. எல்லோரிடமும் நல்லவர் என்ற பெயர் வாங்கும் ஆசை.

அப்பங்கில் ஒரு கைம்பெண் இருந்தார். முந்திரி ஆலையில் நெடுங்காலம் பருப்பு உடைத்து, விரல்கள் கறுத்துப் போனவர். ஒரு பசு வைத்திருந்தார். ஆண்டு முழுவதும் அதன் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றிப் பேரனைப் படிக்க வைத்தார். ஆண்டில் ஒரே ஒரு நாள், டிசம்பர் 25ஆம் நாள், அவர் சங்கத்திற்குப் பால் ஊற்றுவதில்லை. அன்றைய பாலை விறகடுப்பில் வைத்து, பச்சரிசி போட்டு, நிறம் மாறும்வரை கிளறி, பங்குக் குருவுக்கென ஒரு தூக்குச் சட்டியில் எடுத்து வைப்பார்.

2014ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் அன்று அவர் வீட்டிற்குச் சென்றோம். ஒரு கரண்டி வாயில் வைத்தோம். "மிகவும் நன்றாக இருக்கிறது பாட்டி, மீதியை அறையில் போய் ஆற அமரச் சாப்பிடுகிறோம்" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. மாலையில் அந்தத் தூக்குச் சட்டியை எடுத்துச் சென்று, பங்கு இல்லத்தின் பின்புறம் இருந்த வாழை மூட்டில் கவிழ்த்துவிட்டோம். எவருக்கேனும் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்தால் செய்தி அவர் காதுக்கு எட்டிவிடுமே என்ற அச்சம்! அவ்வேளையில் பீடச் சிறுவன் ஒருவன் கோயில் திறவுகோலை வைக்கப் பின்வாசல் வழியாக வந்தான். அவன் அப்பாட்டியின் பேரன்.

மூன்று இராசாக்கள் திருநாள் கழிந்த மறுநாள் அவர் வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வரும்படி அழைத்தும் வரவில்லை.

"ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது சாமி. எங்க வீட்டுல கை நனைக்கச் சாமிக்கு மனசில்லையா?"

எமக்கு நாவெழவில்லை. பாயசம் வீணானதைப் பற்றியன்று அவர் கேட்டது. நம் மண்ணில் ஒரு வீட்டில் உண்ண மறுப்பதற்குப் பசியின்மை மட்டுமே காரணமாகக் கொள்ளப்படுவதில்லை. யார் வீட்டில் யார் கை நனைப்பார், யார் நனைக்கமாட்டார் என்ற கொடிய கணக்குத் தலைமுறை தலைமுறையாக இங்கே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆண்டவரின் ஆலயத்துக்குள்ளும் அது நுழைந்தது என்பது நம் திருச்சபையின் வெட்கம். அந்தக் கணக்கில் நாமும் ஒரு வரி எழுதிவிட்டோம் என்று அத்தாய் எண்ணியிருக்கிறார். பதினைந்து நாளாக அந்த எண்ணத்தைச் சுமந்திருக்கிறார். நம் வயிற்றைக் காக்கவும் நம் நற்பெயரைக் காக்கவும் நாம் காத்த மௌனம், அவர் உள்ளத்தில் இப்படி ஒரு முள்ளாய்த் தைத்திருந்தது.

அன்று வெளியே வந்து, திண்ணையில் அவருக்கருகே அமர்ந்து, எல்லாவற்றையும் கூறினோம். பால் ஒத்துக்கொள்ளாது என்பதையும், அதைச் சொல்ல வெட்கப்பட்டதையும், வாழை மூட்டில் ஊற்றியதையும் மறைக்கவில்லை. மன்னிப்பும் கேட்டோம். அவர் சிறிது நேரம் எம்மையே பார்த்திருந்தார். பின்னர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் பால் ஒத்துக்காது சாமி. சாகுறவரைக்கும் கட்டங்காப்பிதான். இத முன்னமே சொல்லியிருந்தா தேங்காய்ப் பாலுல வச்சுத் தந்திருப்பேனே!"

எவ்வளவு எளிய விடை! திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில், விருந்தளிப்பவர் முகம் கோணினால் அனிச்ச மலரினும் விரைவாக விருந்தினர் வாடிப்போவார் என்று காட்டினார். விருந்தளிப்பவரும் ஓர் அனிச்ச மலரே என்பதை நாம் அன்று கற்றோம். அதே வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், உடலோடு மாறுபடாத உணவை அளவறிந்து உண்பாருக்குத் துன்பமில்லை என்றும் கூறினார். இரண்டு அதிகாரங்களையும் ஒருவரே எழுதினார் என்பதை மறந்துவிட்டு, ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடுவதுதான் நம் வழக்கம். உண்மை ஒன்றைச் சொன்னால் இரண்டையும் காப்பாற்றலாம். தமது முன்னே வைக்கப்படுவதை உண்ணும்படி சீடரைப் பணித்த ஆண்டவர், எங்கும் நடிக்கச் சொல்லவில்லை. புனித பவுலும் தம் அன்பு மகன் திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாற்றை மறைக்கச் சொல்லவில்லை. அதற்கேற்ற உணவு முறையைக் கடிதத்திலேயே எழுதினார்.

அடுத்த கிறிஸ்மஸ் அன்று அப்பாட்டியின் வீட்டில், தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சிறுபருப்பும் சேர்ந்த பாயசம் காத்திருந்தது. இரண்டு டம்ளர் குடித்தோம். பசுவின் பால் அன்று பேரனுக்கு.

இவ்வாறு நம் கண் திறந்ததால், மற்றொருவரின் தனிமையையும் காண முடிந்தது. 2018ஆம் ஆண்டு பங்குத் திருநாள் அசனத்தின்போது, பந்தியின் கடைசியில் ஒரு சிறுமி தனியே அமர்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். தந்தை இராணுவத்தில் பணிபுரிபவர். குடும்பம் வடநாட்டிலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தது. சிறுமிக்கு சீலியாக் என்னும் நோய் இருப்பதை அங்கேயே கண்டறிந்திருந்தனர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் உட்சென்றால், அவளது உடலின் காவற்படையே அவளுடைய சிறுகுடலைத் தாக்கும். நம் பால் தொல்லை போன்றதன்று இது. சிறு துணுக்கும் ஊறு செய்யும். வாழ்நாள் முழுவதும் விலக்க வேண்டும். இந்நோய்க்குக் காரணம் கோதுமை என்பதை நிலைநாட்டியவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்துப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி மீண்டதும் நோய் மீண்டதையும் அவர் கவனித்தார். 1950ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டை அளித்தார்.

"சோறும் சாம்பாரும்தானே அம்மா? இதில் கோதுமை எங்கே இருக்கிறது?" என்று அவள் தாயிடம் கேட்டோம்.

"பெருங்காயத்தில் இருக்கிறது சாமி" என்றார். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம். சேமியாவும், ரவையும், கேக்கும், பொட்டலத்துச் சாறுகள் பலவும் அவ்வாறே.

அத்தாயின் உள்ளத்தில் அதனினும் பெரிய கவலை ஒன்று இருந்தது. அடுத்த ஆண்டு மகளுக்குப் புதுநன்மை. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதன்றோ? நாம் ஆயரகத்தில் கேட்டுத் தெளிந்தோம். 2003ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டாக விளங்கிய கர்தினால் ராட்சிங்கரின் தலைமையில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் இதுபற்றி மடல் எழுதியிருக்கிறது. குளூட்டன் அறவே நீக்கிய அப்பம் திருப்பலிக்குச் செல்லாது. மிகக் குறைந்த அளவே உள்ள அப்பத்தை ஆயர் அனுமதியுடன் பயன்படுத்தலாம். அதையும் தாங்க இயலாதவர் திரு இரத்தத்தை மட்டும் உட்கொள்ளலாம். ஒன்றின் வடிவிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். 2017இல் திருவழிபாட்டுப் பேராயமும் இதை நினைவூட்டியது. குரு தம் கிண்ணத்தில் அப்பத்தின் சிறு துண்டை இடுவதால், அச்சிறுமிக்கெனத் தனிக் கிண்ணம் ஒன்றை வைத்தோம். 2019ஆம் ஆண்டு பாஸ்கா காலத்தில், மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் வெண்ணுடை அணிந்து வந்து, அவளும் ஆண்டவரை உட்கொண்டாள்.

ஆண்டவரின் பந்தியில் இடம் கிடைத்தவளுக்கு, நம் அசனப் பந்தியில் மட்டும் இடமில்லாமல் போகலாமா? அவ்வாண்டுக் கிறிஸ்மஸ் விருந்துக்கு முன் சமையல்காரரை அழைத்துப் பேசினோம். பெருங்காயம் போடுமுன்னரே அவளுக்கென ஒரு சிறு பாத்திரத்தில் சாம்பாரைத் தனியே எடுத்து, தனிக் கரண்டியோடு மூடி வைக்க இசைந்தார். பாயசத்திற்குச் சேமியாவும் பாலும் வேண்டாம். சிறுபருப்பும் தேங்காய்ப் பாலும் போதும் என்று முடிவாயிற்று. துருவிய தேங்காயைப் பிழிந்து பாலெடுக்கும் வேலையை ஏற்று, விடியுமுன் வந்து அமர்ந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பசு வைத்திருந்த அந்தப் பாட்டியே! அன்று பாயசம் ஒரே அண்டாவிலிருந்து எல்லோருக்கும் சென்றது. நாமும் குடித்தோம்; அச்சிறுமியும் குடித்தாள். இது யாருக்காகச் செய்யப்பட்டது என்பது பந்தியில் அமர்ந்த பெரும்பாலோர்க்குத் தெரியாது. மறுமுறை கேட்டு வாங்கியவர்களே மிகுதி.

அன்பு வாசகர்களே, விருந்தினராகச் செல்வோர்க்கு நாம் கூறுவது இது: உங்கள் உடலுக்கு ஒவ்வாததை முன்கூட்டியே, சிரித்த முகத்தோடு, தெளிவாகச் சொல்லுங்கள். இலை போட்ட பின் சொல்வது சமைத்தவரைத் தவிக்க வைக்கும். 'இது வேண்டாம்' என்று மட்டும் நிறுத்தாமல், 'இது தந்தால் மகிழ்ந்து உண்போம்' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கொடுப்பவரின் கை வெறுங்கையாகத் திரும்பக் கூடாது. விருந்தளிப்போர்க்கும் ஒரு வேண்டுகோள்: 'ஒரு வாய்தானே, என்ன ஆகிவிடும்?' என்று வற்புறுத்தாதீர்கள். ஒருவருக்கு அது சிறு தொல்லை. இன்னொருவருக்கு அது பெருங்கேடு. எது எவருக்கு என்று வெளியிலிருந்து காண இயலாது.

உங்களுள் எவருக்கேனும் இத்தகைய தொல்லை இருப்பின், அதை விதியென்று பொறுத்துக்கொள்ள வேண்டா. மருத்துவரிடம் செல்லுங்கள். கோதுமையைப் பற்றிய ஐயமானால், பரிசோதனைக்கு முன்னரே அதை நிறுத்திவிட வேண்டா. நிறுத்தினால் பரிசோதனை உண்மையைக் காட்டாமல் போகலாம். பாலை விட்டவர்கள் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் கேழ்வரகிலும், எள்ளிலும், முள்ளோடு உண்ணும் நெத்திலியிலும் தேடிக்கொள்ளுங்கள். நம் பண்டிகைப் பலகாரங்களுள்ளும் வழி உண்டு. பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் உருட்டி அரிசிமாவில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்தில் பாலும் இல்லை, கோதுமையும் இல்லை. நம் பாட்டிமார் எவருடைய நோயையும் அறிந்து அதைச் செய்யவில்லை. எனினும் எல்லோரும் உண்ணத்தக்கதாய் அது அமைந்துவிட்டது.

நாம் இப்போது வேறொரு பங்கில் இருக்கிறோம். இங்கு வந்த முதல் ஆண்டு, திருவருகைக் கால முதல் ஞாயிறன்று, அறிவிப்புகளின் இறுதியில் இதையும் சேர்த்தோம்: "கிறிஸ்மஸ் அன்று எல்லா வீடுகளுக்கும் வருவோம். எல்லா வீட்டிலும் கை நனைப்போம். பால் மட்டும் நமக்கு ஒத்துக்கொள்ளாது. கருப்பட்டிக் காப்பி தந்தால் மகிழ்ச்சி." மக்கள் சிரித்தனர். திருப்பலி முடிந்ததும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் சக்கிறீஸ்துக்குள் தயங்கித் தயங்கி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெல்லக் கூறினார்.

"எனக்கும் அதே தொல்லைதான் சாமி. மருமகள் மனசு நோகுமேன்னு பத்து வருசமாச் சொல்லல்ல."

"இன்றைக்கே சொல்லிவிடுங்கள் ஐயா" என்றோம். "சொன்னால் நோகாது. சொல்லாமல் விட்டால்தான் நோகும்."